நாலு மாதமா ஆறு மாதமா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இந்தக் காலத்துப் பெண்கள் ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்களாம். "மூன்று மாதத்தில் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். என்ன கெட்டுப்போனோம்?" என்று கேட்டிருந்தார். எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் இந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். மாமியார்கள் அந்தக் கடிதத்தைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சந்தில், என் அப்பா ஆரம்பித்த மாவு மில்லை நானும் என் வீட்டுக்காரரும் நடத்துகிறோம். மிளகாய், மல்லி, மஞ்சள், மசாலா எல்லாம் அரைப்போம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள் கேழ்வரகும் பச்சரிசியும் பொட்டுக்கடலையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறி வருகிறவர்கள் உண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து அப்படியே வருகிற பெண்களும் உண்டு. என் அக்கா அரசாங்கத் தாய் சேய் கிளினிக்கில் மிஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தக் கடிதத்தில் வருகிற மருத்துவ சமாச்சாரம் எல்லாம் அவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு எழுதுவது.

கடையில் என்ன நடக்கிறது என்று ஒன்று சொல்கிறேன். ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். பையில் கேழ்வரகு. மூன்றரை மாதக் குழந்தை மருமகள் தோளில் தூங்குகிறது. "நல்லா நைசா அரைச்சிக் கொடும்மா, பால்புட்டியில கலக்கணும்" என்கிறார் மாமியார். மருமகள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டுகிறாள். நான் என்ன செய்வேன்? காசு கொடுப்பது மாமியார். "அம்மா, மிஷின்ல மிளகாய் ஓடிக்கிட்டு இருக்கு, குழந்தைக்கு ஆகாது, அப்புறம் வாங்க" என்று அனுப்பி வைத்தேன். பொய் ஒன்றும் இல்லை, மிளகாய் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் மாமியார்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர்கள் இதைத் தாமாகக் கட்டிவிடவில்லை. உலகச் சுகாதார நிறுவனமே முன்பெல்லாம் நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆரம்பிக்கலாம் என்றுதான் சொல்லி வந்தது. 2001-இல்தான் உலகச் சுகாதாரப் பேரவை அதை முழு ஆறு மாதமாக மாற்றியது. நம் மலேசிய நாட்டுத் தேசியத் தாய்ப்பால் கொள்கை 1993-இல் வந்தது. அதிலும் ஆறு மாதம் என்று திருத்தியது 2005-இல். ஆக, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பிள்ளை பெற்ற அம்மாக்கள் அன்றைக்குக் கிளினிக்கில் சொன்னதைத்தான் செய்தார்கள். அதற்கும் முன்னால் ரப்பர் தோட்டத்தில் யார் மாதக் கணக்குப் பார்த்தது? இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போகிற அம்மா குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். ஆயா கையில் இருந்தது கஞ்சித் தண்ணியும் டின்பாலும். சர்க்கரை போட்ட டின்பாலைக் குழந்தைக்கு நல்லது என்று சொல்லி விற்ற காலம் அது. 1939-இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா ரோட்டரி சங்கக் கூட்டத்தில் எழுந்து, இப்படிச் சாகிற குழந்தைகளின் சாவைக் கொலை என்றுதான் சொல்ல வேண்டும் என்று முகத்துக்கு நேராகப் பேசினார். அந்த டாக்டரம்மா பற்றி நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித் தரலாம்.

"என்ன கெட்டுப்போனோம்" என்று கேட்ட பெரியவருக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். கெட்டுப்போனவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுத இருக்கமாட்டார்கள் ஐயா. என் பாட்டி தோட்டத்தில் பெற்ற பிள்ளைகளில் தங்காமல் போனவர்களும் உண்டு. கஞ்சியால்தான் போனார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மிஞ்சினவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்கிறேன்.

ஆறு மாதம் என்று எதற்காகச் சொல்கிறார்கள்? அதுவரைக்கும் குழந்தைக்கு வேண்டிய தண்ணீரும் சத்தும் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. பினாங்கு வெயிலில்கூடத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. முன்கூட்டியே கஞ்சி போனால் அந்த அளவுக்குப் பால் குடிப்பது குறையும். கஞ்சியோடு கிண்ணம், கரண்டி, தண்ணீர் வழியாகக் கிருமியும் போய் வயிற்றுப்போக்கு வரும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்குமேல் தாய்ப்பால் மட்டும் போதாது. அதனால் ஆறு மாதம் வரை பொறு என்று சொல்கிற அதே வாய்தான் ஆறு மாதத்துக்கு மேல் இழுக்காதே என்றும் சொல்கிறது. இரண்டாவது பாதி யார் காதிலும் ஏறுவதில்லை. ஐரோப்பாவில் குழந்தைகளின் வயிறு, சத்துணவு பார்க்கிற மருத்துவர்கள் சங்கம் இன்னும் கொஞ்சம் தளர்வு. நான்கு மாதத்துக்கு முன்னால் கூடவே கூடாது, ஆறு மாதத்தைத் தாண்டவும் கூடாது என்கிறது. ஆகவே டாக்டர் பார்த்துச் சொல்லி ஐந்தரை மாதத்தில் ஆரம்பித்த தாயைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஆதரவாக மட்டும் ஒரு சங்கத்தையும் அக்கா எனக்குக் காட்டவில்லை.

தேதியைவிட முக்கியம் குழந்தையே. தலை நிற்க வேண்டும். மடியில் சாய்த்து உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரியக் கூடாது. நாம் சாப்பிடுவதை உற்றுப் பார்த்துக் கையை நீட்ட வேண்டும். ஸ்பூனை வாயில் வைத்ததும் நாக்கால் வெளியே தள்ளுகிற பழக்கம் போயிருக்க வேண்டும். பாட்டிமார் இந்த நாக்குத் தள்ளலைப் பார்த்துவிட்டு "ருசி பிடிக்கல, கொஞ்சம் சீனி போடு" என்பார்கள். ருசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பால் குடிக்கிற வாய்க்கு இயற்கை வைத்த ஏற்பாடு அது, கெட்டியான எதுவும் தொண்டைக்குப் போய்விடாமல் இருக்க. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அதை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பால்புட்டிக்கு வருகிறேன். ராத்திரி தூங்குவதற்காகப் பாலில் மாவைக் கலந்து புட்டியில் ஊற்றுகிறார்கள். மாவு அடைத்துக்கொள்ளும் என்பதால் ரப்பர் காம்பில் ஊசியை நெருப்பில் காட்டி ஓட்டையைப் பெரிதாக்குகிறார்கள். சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. படுத்துக்கொண்டு குடிக்கிற குழந்தைக்குப் புரை ஏறினால் என்ன ஆகும்? தூக்கமாவது வருகிறதா என்றால், 1989-இல் அமெரிக்காவில் படுக்கும் முன் அரிசி சீரியல் கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் வித்தியாசமே தெரியவில்லை. பிரிட்டனில் நடத்தி 2018-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், மூன்று மாதத்திலிருந்து தாய்ப்பாலோடு கெட்டி உணவும் சாப்பிட்ட குழந்தைகள் ராத்திரியில் கால் மணி நேரம் போலக் கூடுதலாகத் தூங்கினார்களாம். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கால் மணி நேரம்! அந்த நேரத்தில் அம்மா ஒரு தேத்தண்ணி குடிக்கலாம், அவ்வளவுதான்.

மருமகள்கள் மேலும் எல்லாப் பழியும் போட முடியாது, மாமியார்கள் மேலும் முடியாது. தனியார் வேலையில் பிரசவ விடுப்பு 60 நாளாக இருந்தது. 2023 ஜனவரி முதல் 98 நாள் ஆக்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் 98 நாள் என்றால் மூன்று மாதமும் ஒரு வாரமும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று சொல்கிற அரசாங்கத்துக்கும் மூன்று மாதத்தில் திரும்பி வா என்று கூப்பிடுகிற தொழிற்சாலைக்கும் நடுவில் பாக்கி மூன்று மாதத்தைப் பாட்டியும் பிள்ளை பார்க்கிற அக்காவும்தான் சமாளிக்கிறார்கள். ஆயாக்கொட்டகை போய்த் தாஸ்கா என்கிற குழந்தைகள் காப்பகம் வந்திருக்கிறது. பாலைக் கறந்து குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை கெடாது, கறப்பதற்குத் தொழிற்சாலையில் ஒரு அறையும் இடைவேளையும் வேண்டும், அவ்வளவுதான். பூட்டுப் போட்ட ஒரு ஸ்டோர் ரூமில் துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவில் நின்றுகொண்டு கறப்பதாக ஒரு பெண் சொன்னாள். எந்தத் தொழிற்சாலை என்று நான் கேட்கவில்லை. இதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

சரி, இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். நாலு மாதமா ஆறு மாதமா என்று இத்தனை சண்டை போடுகிறவர்கள், ஆறு மாதம் முடிந்த மறுநாளிலிருந்து கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை. நான் கேட்டுப் பார்ப்பேன். "ஒன்பது மாசம் ஆச்சா? என்ன குடுக்குறீங்க?" "கஞ்சிதான்கா." "எப்படி இருக்கும்?" "நல்லா தண்ணியா, தொண்டையில சிக்காம." இதைக் கேட்டால்தான் எனக்கு மூன்று மாதக் கஞ்சியைவிடக் கவலை வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய கரண்டி மாவு சுமார் 10 கிராம். அதை ஒரு குவளை, அதாவது 200 மில்லி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் மொத்தமே 35 கலோரி பக்கம்தான். அதே அளவு தாய்ப்பாலில் 130 கலோரி வரும். அதாவது பாலில் இருப்பதில் கால் பங்கு சத்துள்ள ஒன்றைக் கொடுத்து அந்தச் சின்ன வயிற்றை நிரப்பிவிட்டு, பால் குடிக்கவிடாமல் செய்கிறோம். தாய்ப்பால் போக ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 200 கலோரி போல உணவிலிருந்து வர வேண்டும், ஒன்பதிலிருந்து பதினொரு மாதத்துக்கு 300 என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. தண்ணிக் கஞ்சியில் அதை எட்ட வேண்டுமானால் லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். எங்கள் அக்கா கிளினிக்கில் தாய்மாருக்கு வைத்த சோதனை சுலபமானது. ஸ்பூனில் கஞ்சியை எடுத்துச் சாய்த்துப் பார். வழிந்து ஓடினால் இன்னும் காய்ச்சு. ஸ்பூனிலேயே உட்கார்ந்திருந்தால் சரி. முதல் வாரம் கொஞ்சம் இளக்கமாக, ரெண்டு மூணு ஸ்பூன் போதும், அதுவும் ஒரு வேளை. பிறகு நாளுக்கு நாள் கெட்டியாக வேண்டும். எட்டு மாதத்தில் மசித்த சோறு, ஒன்பது பத்து மாதத்தில் கையில் பிடித்துச் சாப்பிட இட்லித் துண்டு, நன்றாக வெந்த காரட். ஒரு வயதில் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதுதான் பிள்ளைக்கும், காரத்தையும் உப்பையும் குறைத்துக்கொண்டால் போதும். பல் முளைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், ஈறுக்கே நல்ல பலம் இருக்கிறது. மிக்சியில் அடித்து அடித்துக் கொடுத்துப் பத்து மாதம் தாண்டிய பிள்ளை, பிறகு ஒரு பருக்கை நாக்கில் பட்டாலும் ஓங்கரிக்கும்.

கேழ்வரகு நல்லதில்லையா என்று கேட்பீர்கள். அதை அரைத்துச் சாப்பிடுகிற குடும்பம் எங்களுடையது, நான் குறை சொல்வேனா? 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, வேறு எந்த அரிசியும் கோதுமையும் பக்கத்தில் வராது. ஆனால் இரும்புச்சத்து வேறு கதை. 100 கிராம் கேழ்வரகில் நான்கு, நாலரை மில்லிகிராம் இருக்கும். குழந்தை ஒரு நாளைக்கு 20 கிராம் மாவு சாப்பிட்டால் ஒரு மில்லிகிராம்கூட வராது, அதிலும் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். ஏழாம் மாதத்திலிருந்து ஒரு வயது வரை நாளைக்கு 11 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. பாக்கி எங்கிருந்து வரும்? அதனால்தான் கஞ்சியோடு வேறொன்று சேர வேண்டும். நன்றாக வெந்து மசித்த பருப்பு, முழுவதும் வெந்த முட்டை, கோழிக்கறி, மீன், கீரை. கோழி ஈரல் கொஞ்சம் மசித்துக் கொடுத்தால் ரொம்ப நல்லது, ஆனால் வைட்டமின் ஏ அதில் அதிகம் என்பதால் வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்பார் அக்கா. சைவக் குடும்பமானால் பருப்போடு பப்பாளியோ கொய்யாவோ நாலு ஸ்பூன் மசித்துக் கூடவே கொடுக்கலாம், அந்தப் பழத்தில் உள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். தாத்தா மடியில் உட்கார்ந்து தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட் தின்கிறதே பேரப்பிள்ளை, அது நேர் எதிர். தேயிலை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று 2019 தேசியச் சுகாதார ஆய்வு சொல்லியது. ஐந்தில் ஒரு பிள்ளை! பினாங்கில் தெருவுக்கு நாலு சாப்பாட்டுக்கடை இருக்கும்போது.

கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் மேல். ஒரு இரவு ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் வெள்ளையாக முளை விடும். இரும்பைச் சேரவிடாமல் தடுக்கிற பைட்டேட் முளைக்கும்போது குறைகிறது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. முளைகட்டிய மாவில் மாச்சத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. பச்சரிசி மாவைக் கெட்டியாகக் கூழ் காய்ச்சி, பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் ஒரு ஸ்பூன் முளைகட்டிய மாவைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கண்ணெதிரிலேயே கூழ் இளகும், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல். பிறகு இன்னொரு கொதி விட்டு இறக்கிக் கொடுக்கலாம். சத்து குறையாமல் விழுங்குவதற்குச் சுலபமாகிவிடுகிறது. 1980களில் பரோடாப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ரொம்பக் கருக வறுத்துக் கொண்டுவராதீர்கள், வறுத்தால் அந்த நொதி செத்துவிடும். லேசான சூடு காட்டினால் போதும்.

பினாங்கில் முளைகட்டுவதில் ஒரே தொல்லை காயவைப்பதுதான். காலையில் மொட்டைமாடியில் பரப்புவார்கள், மத்தியானம் மழை வரும், அவசரமாக அள்ளி உள்ளே வைப்பார்கள். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் அதை மறுநாள் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். நான் பையில் கையை விட்டுப் பார்ப்பேன். உள்ளே கை வைத்தால் கதகதவென்று இருக்கும், லேசாகப் புளித்த வாசம் அடிக்கும். ரெண்டு மணியை எடுத்துக் கடித்தால் "கடக்" என்று உடைய வேண்டும், ரப்பர் மாதிரி நசுங்கினால் அரைக்கமாட்டேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும். ஈரத் தானியத்தில் பூஞ்சை பிடிக்கும், சில பூஞ்சை விடுகிற நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. வேர்க்கடலையில் இன்னும் மோசம். பெரியவர்கள் உடம்பு எப்படியோ தாங்கும், ஏழு கிலோக் குழந்தை என்ன செய்யும்?

மிஷின் சமாச்சாரமும் சொல்லிவிடுகிறேன், இதை எந்த டாக்டரும் சொல்லமாட்டார். மிளகாய் அரைத்த மிஷினைத் துடைத்தால் மட்டும் போதாது. கல்லுக்கு நடுவில் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரெண்டு கை அரிசியைப் போட்டு ஓட்டி அந்த மாவைக் கொட்டிவிட்டு, இன்னொரு தடவை ஓட்டினால்தான் சுத்தம். அப்புறம் மாவு ஆறின பிறகு டின்னில் போட வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துவிடும். மாதக் கணக்குக்கு அரைத்துக்கொண்டு போகாதீர்கள். கொஞ்சமாக அரைத்து, குளிர்பெட்டியில் வைத்து, தீர்ந்ததும் வாருங்கள். வியாபாரிக்கும் நல்லதுதானே.

அரிசிக் கஞ்சியை மட்டுமே நம்பியிருக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. நெல் தண்ணீர் நிற்கிற வயலில் வளர்வதால் மண்ணில் உள்ள ஆர்சனிக் என்ற நச்சை மற்ற தானியங்களைவிட அதிகமாக இழுக்கிறது. அமெரிக்காவில் குழந்தை அரிசி சீரியலுக்கு 100 கோடியில் 100 பங்கு என்று 2020-இல் வரம்பு வைத்தார்கள். பயந்து அரிசியை ஒதுக்க வேண்டியதில்லை, நாம் அரிசிக்காரர்கள். ஒரு நாள் அரிசி, ஒரு நாள் கேழ்வரகு, ஒரு நாள் ஓட்ஸ் என்று மாற்றினால் போதும். முதல் உணவு அரிசியாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

அடுத்தது சத்துமாவு. பதினெட்டு வகை, இருபத்தொரு வகை என்று போனில் நேரலை போட்டு விற்கிறார்கள். எங்கள் கடையிலும் இருக்கிறது, விற்கிறேன். ஆனால் முதல் உணவுக்கென்று கேட்டால் கொடுப்பதில்லை. முந்திரி, பாதாம், வேர்க்கடலை, கோதுமை, சோயா எல்லாம் ஒரே டப்பாவில். மறுநாள் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்தால் இருபத்தொன்றில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தானியத்தை ரெண்டு மூணு நாள் கொடுத்துப் பார்த்து அடுத்ததைச் சேர்க்கலாம். அதற்காக வேர்க்கடலையையும் முட்டையையும் ஒரு வயது, ரெண்டு வயது என்று தள்ளிப்போடுவதும் பழைய பாடம்தான். லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடத்தி 2015-இல் வெளிவந்த ஆய்வில், முதல் வயதிலிருந்தே வேர்க்கடலை சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை வருவது பெருமளவு குறைந்தது. முழுக்கடலை கூடவே கூடாது, தொண்டையை அடைக்கும். நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்துதான். உடம்பில் கடுமையான கரப்பான் உள்ள பிள்ளையானால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு.

தேன் மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். சேனை தொட்டு வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, எனக்கும் வைத்திருப்பார்கள். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து உடம்பையே தளர்த்திவிடுகிற நோய் உண்டு. சடங்குக்குத் தாய்ப்பாலையே தொட்டு வைக்கலாமே. குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லம், கருப்பட்டி எல்லாம் சீனிதான், நிறம்தான் வேறு.

கடையில் விற்கிற டப்பா சீரியலை நான் எதிர்ப்பவள் இல்லை. அதில் இரும்புச்சத்து சேர்த்திருப்பார்கள், வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அது ஒரு கை உதவி. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும், சீனி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பும் இப்பான் என்ற குழந்தை உணவு நடவடிக்கைக் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டன. ஒரு பெரிய நிறுவனம் தன் சொந்த நாட்டில் சீனியில்லாமல் விற்கிற குழந்தை சீரியலை ஏழை நாடுகளில் சீனி போட்டு விற்கிறது என்று.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். 1992-லிருந்து அதை உலகம் முழுவதற்கும் ஒருங்கிணைத்து நடத்துகிற வாபா அமைப்பின் தலைமையகம் எங்கள் பினாங்கில்தான் இருக்கிறது, இங்கேயே பலருக்குத் தெரியாது. ஆனால் என் கடைக்கு வருகிற பாட்டிமார் கையில் நான் பார்த்த கிளினிக் தாள்கள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். அந்த வாரத்தில் உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் ஒதுக்கி, ஆறு மாதத்துக்கு மேல் மாதவாரியாகக் கிண்ணத்தில் என்ன, எவ்வளவு கெட்டி, எத்தனை வேளை என்று பெரிய எழுத்தில் தமிழில் போடுங்கள். ஒரு மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள், என்னிடம் கேட்டு வேண்டாம். நான் அதை வெட்டிக் கல்லாப் பக்கத்தில் ஒட்டுவேன். மருமகள் போனில் காட்டினால் நம்பாத மாமியார் பேப்பரில் வந்தால் நம்புவார்.

பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் கிள்ளானிலும் மில் வைத்திருக்கிற அண்ணன்மாரும் இதைப் படிப்பீர்கள். காலையில் கடை திறந்ததும், மிளகாயோ மல்லியோ போடுவதற்கு முன்னால், முதல் ஒரு மணி நேரத்தைக் குழந்தை மாவுக்கென்று ஒதுக்கிப் பலகையில் எழுதிப் போடுங்கள். ஈரத் தானியம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். மிஷினை ரெண்டு தடவை ஓட்டிச் சுத்தம் செய்வதற்குக் கூலி கொஞ்சம் கூடக் கேளுங்கள், கொடுப்பார்கள். எங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
மாவு மில் நடத்தும் வாசகி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு